புயல் இரவில் எங்கே இருப்பது? வேதாரண்யம் பக்கத்துக் குடும்பங்களுக்கு நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர ஊர்களிலிருந்து ஒரே கேள்வி பல விதமாக வருகிறது. புயல் என்று அறிவித்தால் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாமா? அரசு சொல்லும் முகாமுக்குப் போக வேண்டுமா? திருச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் வேதாரண்யம், தோப்புத்துறை, புஷ்பவனம், ஆற்காட்டுத்துறை, கோடியக்காடு பக்கத்தவர்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது. ஓட்டு வீட்டில் இருப்பவருக்குச் சரியான முடிவு, மாடி வீட்டில் இருப்பவருக்குத் தேவையில்லாத அலைச்சலாக முடியலாம். அதனால் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஊரின் அமைப்பு. வேதாரண்யத்துக்குக் கிழக்கிலும் தெற்கிலும் கடல். தென்மேற்கில் உப்பளங்களும் முத்துப்பேட்டை வரை நீளும் சதுப்பு நிலமும். வெளியேற வேண்டுமானால் மேற்கே திருத்துறைப்பூண்டி, வடக்கே நாகப்பட்டினம் என்று இரண்டே திசைகள்தான். 1952 புயலையும் 1977 புயலையும் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றோடு கரையேறியது. நான் இங்கே எடைபோடுவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஓர் இரவும் அதற்குப் பின் வந்த வாரங்களும் கற்றுக்கொடுத்தவைதான்.

## எதை வைத்து எடைபோடுவது?

கூரை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. "போன மாதம் அடித்த காற்றையே தாங்கியதே" என்ற கணக்கு அதனால்தான் பொய்த்துப்போகிறது. கூரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது என்பதே முதல் கேள்வி.

தண்ணீர். காற்றிடமிருந்து ஒளிந்துகொள்ளலாம், தண்ணீரிடமிருந்து விலகித்தான் போக வேண்டும். மேற்கு நோக்கி நகரும் புயல் கரையேறும்போது, அதன் மையத்துக்கு வடக்கே இருக்கும் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடல் ஏறுவது அங்கேதான் அதிகம். ஆனால் மையம் எந்த ஊருக்கு நேராக வரும் என்பது கடைசி வரை துல்லியமாகத் தெரியாது. கஜாவுக்கே முதலில் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில் என்றுதான் அறிவித்தார்கள். அது எவ்வளவு நீளமான கரை என்று வரைபடத்தில் பாருங்கள். தெற்கே பாக் நீரிணையைப் பார்த்திருக்கும் கரைக்கோ, மையம் தாண்டிய பிறகு தென்காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே இரண்டு பக்கமுமே பயப்பட வேண்டிய பக்கம்தான்.

பிந்தைய நாட்கள். புயல் ஓர் இரவு. மின்சாரம் இல்லாத நாட்கள் பல. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. மோட்டார் ஓடாது, குடிநீர்த் தொட்டி நிரம்பாது, கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்துபோகும். பலர் முதல் இரவை மட்டுமே கணக்கில் எடுத்து முடிவு செய்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்கள். படுத்த படுக்கையானவர், கைக்குழந்தை, நிறைமாதக் கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், மாடு கன்று.

நேரம். எந்த வழியானாலும் இருட்டுவதற்குள் முடிந்திருக்க வேண்டும். காற்று எழும்பிய பிறகு சாலையில் இருப்பது, இங்கே சொல்லப்போகும் நான்கு வழிகளையும்விட மோசமானது.

## முதல் வழி: சொந்த வீட்டிலேயே இருப்பது

கூரை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரம் போட்ட வீடு, ஓட்டு வீடு ஆகியவற்றில் இருப்பவர்கள் இந்த வழியை விட்டுவிடுங்கள். இதில் நான் எந்த விலக்கும் சொல்ல மாட்டேன். ஓட்டு வீட்டில் காற்று முதலில் பிடிப்பது தாழ்வார ஓரத்தை. அங்கே நான்கு ஓடு கிளம்பினால் போதும், உள்ளே புகுந்த காற்று மீதிக் கூரையைக் கீழிருந்து தூக்கும். கூரை போனதும் சுவருக்கு மேலே பிடிமானம் இல்லை. மழையில் ஊறிய மண் சுவர் உட்பக்கமாகவும் விழலாம். சுவர் இடிந்து விழுவதும் மரம் சாய்வதும்தான் இப்படிப்பட்ட இரவுகளில் அதிகம் உயிர் வாங்குகின்றன.

தளம் போட்ட வீட்டுக்காரர்கள்கூட உடனே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு உட்கூரையைப் பாருங்கள். இந்தப் பகுதியின் உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடுகிறது. துருப்பிடித்த கம்பி உப்பிப் பூச்சைப் பிளந்து தள்ளும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே ஒரு நேர்க்கோட்டு விரிசல் தெரியும். பிறகு பழுப்புக் கறை படியும். பிறகு கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். மூன்றாவது நிலைக்கு வந்துவிட்ட வீடு, பெயருக்குத் தளம் போட்டது என்றாலும் அடைக்கலத்துக்கு ஆகாது. பழைய தொகுப்பு வீடுகளையும், சுனாமிக்குப் பிறகு கட்டி இப்போது இருபது ஆண்டை நெருங்கிய அல்லது தாண்டிய குடியிருப்புகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

தளம் நன்றாக இருக்கிறது, மனை மேடாக இருக்கிறது, கடலிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் விலகி இருக்கிறது என்றால் வீட்டில் இருப்பதே நல்ல முடிவு. சில வேலைகள் பாக்கி இருக்கும். மொட்டை மாடியில் உள்ள தகரக் கொட்டகையின் தகடுகளைக் கழற்றிக் கீழே கட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். காலித் தொட்டி பறந்து அடுத்த வீட்டுக்காரர் மேல் விழும், நிரம்பிய தொட்டியோ அடுத்த நான்கு நாள் தண்ணீர். வீட்டை எட்டும் தூரத்தில் சாய்ந்த தென்னை இருந்தால், அது எந்த அறைமேல் விழும் என்று பார்த்து அந்த அறையை ஒதுக்கிவிடுங்கள்.

புயலின் மையம் நேராக ஊரைக் கடந்தால் நடுவில் ஓர் அமைதி வரும். மழை நின்று வானம்கூடத் தெளியலாம். அப்போது வெளியே போய்ப் பார்க்கக் கால் பரபரக்கும். போகக் கூடாது. முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அதே மூர்க்கத்தோடு அடிக்கும். முதல் பாதியில் ஆடிப்போன மரமும் சுவரும் இரண்டாம் பாதியில்தான் விழுகின்றன. வடக்குப் பார்த்த சன்னலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தெற்கு வாசலை மறந்தவர்கள் மாட்டிக்கொள்வதும் அப்போதுதான். சன்னலே இல்லாத நடு அறையில் எல்லோரும் சேர்ந்து இருப்பது நல்லது.

இதில் கணக்கில் வராத செலவு பின்னால்தான் தெரியும். மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் ஏறும். ஒரு தொட்டித் தண்ணீர் ஏற்றக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். மெழுகுவத்தியும் கொசுவத்தியும்கூடக் கிடைக்காமல் போகும். தெருவில் வேலை செய்யும் அடிபம்பு ஒன்று இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைப்பவருக்குத்தான் இந்த வழி முழுமையாகப் பொருந்தும்.

## இரண்டாவது வழி: பக்கத்துத் தெரு மாடி வீடு

புயல் இரவில் உண்மையில் அதிகம் நடப்பது இதுதான். முகாம் வரை போக மனமில்லாதவர்கள், ஓடு பறக்கத் தொடங்கியதும் தெரிந்தவர் மாடி வீட்டுக்கு ஓடுகிறார்கள். நாலு எட்டில் போய்விடலாம், முகம் தெரிந்தவர்கள், மாட்டையும் அடிக்கடி எட்டிப் பார்க்கலாம்.

குறை என்னவென்றால், இது பேசி வைக்காத ஏற்பாடு. பத்துப் பேருக்கு இடம் இருக்கும் வீட்டில் நாற்பது பேர் சேர்ந்தால் கழிப்பறையும் குடிநீரும் ஒரே இரவில் தீர்ந்துவிடும். கேட்கச் சங்கடப்பட்டுக் கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருப்பதும் உண்டு. முன்கூட்டியே போய், "அண்ணே, புயல் வந்தால் அம்மாவையும் பிள்ளைகளையும் இங்கே கொண்டுவந்து விடுகிறேன், அரிசியும் தண்ணீரும் நான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லி வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முதல் வழியில் சொன்ன உட்கூரைச் சோதனை அந்த வீட்டுக்கும் உண்டு. தண்ணீர் ஏறும் இடத்தில், மாடி இல்லாத ஒற்றைத் தள வீடு இதற்கு உதவாது.

## மூன்றாவது வழி: பாதுகாப்பு மையம் அல்லது முகாம்

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். நான் பிரித்துத்தான் பேசுவேன். பல்நோக்குப் பாதுகாப்பு மையம் என்பது புயலுக்கென்றே கட்டியது. பெரும்பாலும் தூண்கள்மேல் உயர்த்தி, தண்ணீர் கீழே ஓடும்படி அமைத்திருப்பார்கள். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கும். முகாம் என்பது அந்த நேரத்துக்குத் திறந்துவிடும் பள்ளியோ திருமண மண்டபமோ. பள்ளியில் ஓட்டுக் கட்டடமும் இருக்கும், தளம் போட்ட கட்டடமும் இருக்கும். மண்டபத்தில் மேடை உள்ள கூடம் உறுதியாக இருந்தாலும், சாப்பாட்டுக் கூடத்துக்குத் தகரம் போட்டிருப்பார்கள். எந்தக் கட்டடத்தில் பாய் விரிக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

கஜாவுக்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு வந்துவிட்டார்கள். புயல் அடித்து முடிந்த பிறகு அந்த எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தவர்களில் எத்தனை பேர் கூரை போன பிறகு ஈரத் துணியோடு முகாமுக்கு நடந்திருப்பார்கள் என்று எண்ணினால் மனம் கனக்கிறது. எப்படியும் போகப்போகிற இடத்துக்கு முதல் நாள் மாலையே, காய்ந்த துணியோடும் மருந்தோடும் போயிருக்கலாம்.

தயக்கத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை நியாயமானவையே. பூட்டிய வீட்டில் திருட்டு போகுமோ என்ற பயம் ஒன்று. ஆடு மாடு இன்னொன்று. பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் கழிப்பறை. நூறு பேருக்கு இரண்டு கழிப்பறை, அதற்கும் தண்ணீர் இல்லை என்றால், வீட்டுக்கு விலக்கான பெண்ணோ பால் கொடுக்கும் தாயோ வர யோசிக்கத்தான் செய்வார். இதை அந்தப் பெண்ணின் பிடிவாதம் என்று சொல்லக் கூடாது. மழைக்காலம் தொடங்குமுன் ஊராட்சியிடம் கேட்டுச் சரிசெய்து வாங்க வேண்டிய வசதி அது. போய்ப் பார்த்துக் கேட்க வேண்டியவை: சாவி யாரிடம் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா, ஜெனரேட்டர் இருந்தால் அது ஓடுகிறதா, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை உண்டா, போகும் பாதையில் வாய்க்கால் மதகு எதுவும் மூழ்குமா. கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணிலும் கேட்கலாம்.

கடலோரக் குடியிருப்புகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கஜாவின்போது புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் பக்கம் கடல், சேற்றையே கரையில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. அலை இறங்கிவிட்டது, சேறு கிடந்தது. வீட்டுச் சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அப்படிப்பட்ட இடத்தில் இரவு தங்குவது தவறு.

## நான்காவது வழி: உறவினர் வீடு, வெளியூர்

கேட்பதற்கு மிகவும் பாதுகாப்பாகத் தோன்றும் வழி. ஆனால் எந்த வெளியூர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கரையேறிய புயல் கடலின் ஈரம் கிடைக்காமல் மெல்ல வலுவிழக்கும் என்பது உண்மை. டெல்டாவில் அதைத் தடுக்க மலையோ மேடோ இல்லை என்பதும் உண்மை. கஜா திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் வழியாகத் திண்டுக்கல் பக்கம் வரை சேதம் செய்துகொண்டே போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. அந்த இரவில் "உள்ளே போய்விடுவோம்" என்று பட்டுக்கோட்டைக்கும் மன்னார்குடிக்கும் போனவர்கள், புயலின் பாதையிலேயே போய் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்கள் தங்கியது ஓட்டு வீடாக இருந்திருந்தால், ஊரிலேயே பாதுகாப்பு மையத்தில் இருந்ததைவிட மோசம்.

ஆகவே வெளியூர் என்றால் திருச்சி, கும்பகோணம் போல நல்ல தொலைவு, அறிவித்த பாதையிலிருந்து விலகிய திசை, தளம் போட்ட வீடு, பக்கத்தில் பெரிய மருத்துவமனை. இந்த நான்கும் சேர்ந்தால்தான் அலைச்சலுக்குப் பொருள் உண்டு. புறப்படுவதும் 48 மணி நேர எச்சரிக்கை வந்த உடனேயே இருக்க வேண்டும். 24 மணி நேரம் என்றானபோது பஸ்ஸில் கூட்டம் நெரியும். கடைசி மாலையில் பஸ்ஸையே நிறுத்திவிடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு திரும்பி வருவதில் இருக்கிறது. சாலையில் மரங்கள், பஸ் இல்லை, கைப்பேசி கிடைக்காது. வீடு என்ன ஆனது என்றே தெரியாமல் நாட்கள் போகும். சேதக் கணக்கெடுப்புக்கு அதிகாரிகள் வரும்போது ஆள் இல்லாத வீடு விடுபட்டுப்போகும் அபாயமும் உண்டு. கைப்பேசியில் வீட்டின் நான்கு பக்கமும் படம் எடுத்துவைத்து, குடும்ப அட்டை நகலோடு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது உதவும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் ஆகியோருக்கு இதுவே சரியான வழி. அவர்களுடைய ஆபத்து புயல் இரவில் தொடங்குவதில்லை, மின்சாரமும் சாலையும் இல்லாத மூன்றாம் நாளில் தொடங்குகிறது. பிரசவ நாள் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் சேர்ப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதல் எச்சரிக்கையிலேயே பேசிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | சொந்தத் தள வீடு | பக்கத்து மாடி வீடு | பாதுகாப்பு மையம் | வெளியூர் |
|---|---|---|---|---|
| காற்று | உட்கூரை நன்றாக இருந்தால் தாங்கும் | அதே நிபந்தனை | மிக நல்லது | ஊரையும் வீட்டையும் பொறுத்தது |
| கடல் நீர் | மேட்டு மனையில் மட்டும் | மாடி இருந்தால் மட்டும் | நல்லது | கவலை இல்லை |
| பிந்தைய வாரம் | தண்ணீர், மின்சாரத் தட்டுப்பாடு | இரண்டாம் நாளே நெருக்கடி | உணவு கிடைக்கும், கழிப்பறை சிரமம் | வசதி, ஆனால் வீட்டு நிலவரம் தெரியாது |
| கால்நடை | பார்த்துக்கொள்ளலாம் | ஓரளவு | பெரும்பாலும் முடியாது | முடியாது |
| புறப்பட வேண்டிய நேரம் | இல்லை | மாலை 4 மணிக்குள் | மாலை 4 மணிக்குள் | 48 மணி நேரம் முன்பு |
| மறைமுகச் செலவு | ஜெனரேட்டர், தண்ணீர் | உறவில் நெருடல் | பூட்டிய வீட்டுக் கவலை | பயணம், கணக்கெடுப்பில் விடுபடுதல் |

## குடும்பத்தைப் பிரிப்பதா?

நிறையக் குடும்பங்கள் பாட்டியையும் குழந்தைகளையும் மையத்துக்கு அனுப்பிவிட்டு, ஆண்கள் வீட்டையும் மாட்டையும் காக்க ஓட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பாதி முடிவு சரி, மறுபாதி தவறு. நகையும் பத்திரமும் பிளாஸ்டிக் உறைக்குள் போய் ஒரு பையில் அடங்கிவிடும். ஓடு பறந்தால் அங்கே காவல் காக்க எதுவும் மிஞ்சாது. பிரிய வேண்டுமானால், நோயாளியோடு ஒருவர் வெளியூருக்கும் மற்றவர்கள் மையத்துக்கும் பிரியுங்கள். கைப்பேசி வேலை செய்யாது என்பதால், புயல் முடிந்தபின் எங்கே, எந்த வேளையில் சந்திப்பது என்று வாய்மொழியாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: குளிர்சாதனப் பெட்டி நின்றதும் பதற வேண்டாம். புது மண் சட்டி ஒன்றில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, மருந்தைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு அதில் வைத்து ஈரத்துணியால் மூடினால், நிழலில் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். மையத்துக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

மாட்டைப் பொறுத்தவரை, கொட்டகையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. கட்டிய மாடு, விழும் கொட்டகைக்கும் ஏறும் தண்ணீருக்கும் தப்ப முடியாது. தும்பை அவிழ்த்து, மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டுத் திடலில் விடுங்கள். கழுத்து மணியும் காதில் அடையாளமும் இருந்தால் மறுநாள் தேடிப் பிடிப்பது எளிது. போகும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். கடல் நீர் ஏறிய குளத்தை மாடு குடிக்க முடியாது. திரும்பி வந்து தேடும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள், அறுந்து கிடக்கும் எந்தக் கம்பியையும் மின்சாரம் உள்ளதாகவே நினைத்து விலகி நடங்கள்.